ரத்தக்காட்டேரிக்குக் கிடைத்த உத்தியோகம்

தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லாமல் விடுவதே மரியாதை. அங்கே குமாஸ்தாவாக இருந்த காந்திமதிநாதன் 1957ஆம் வருஷம் ஒரு நாவல் எழுதி முடித்தார். அப்போது சரித்திரக் கதைக்கு ஏக கிராக்கி. ஒரு வாளும் மீசையும் இருந்தால் போதும். இவர் கூடுதலாக இரண்டு கோரைப்பற்களையும் வைத்தார்.

கதை இதுதான். பாண்டிய இளவரசன் ஒருவன் ரத்தக்காட்டேரியாகி, குற்றால மலைக் குகையில் முந்நூறு வருஷமாகச் சாகாமல் கிடக்கிறான். அருவியில் குளிக்க வந்த முப்பிடாதி என்ற பெண் மேல் காதல் கொள்கிறான். அவள் ரத்தத்தைக் குடிக்க மனம் வராமல், காலை வெயிலில் தானே போய் நின்று சாம்பலாகிறான். அந்த இடத்தை எழுதும்போது காந்திமதிநாதன் அழுதுவிட்டார். வாசித்த மனைவி கோமதியம்மாள் உலையில் அரிசி போட மறந்தாள்.

சர்க்கார் ஊழியர் புத்தகம் போட மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதிகாரி தளவாய் முழுவதையும் வாசித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“என்னவே, கதை பூரா குடிக்கான்?”

“ரத்தம்தான் அய்யா.”

“எதுவா இருந்தா என்ன? மதுவிலக்கு அமல்ல இருக்கு. டாக்டர் சீட்டு வச்சுக் குடிக்கான்னு போடும்.”

போட்டார்.

“செங்கோட்டைக்கு வௌவாலாப் பறந்து போறான். போன வருஷம் வரைக்கும் அது திருவிதாங்கூர்ல்லா? எல்லையில எப்படி விட்டாங்க?”

“வௌவாலை யாரு அய்யா தடுப்பா?”

“அங்கன டூட்டி பாத்தவனுக்கு மெமோ போயிரும்வே. பாவம், பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான். பஸ்ஸுல போகச் சொல்லும்.”

காட்டேரி பஸ் ஏறியது.

“இவனுக்கு உத்தியோகம் என்ன?”

“இளவரசன் அய்யா.”

“ஜமீனையே எடுத்தாச்சு, இளவரசனாம்! வேலையில்லாதவன் காதலிச்சா விரசம். சர்க்கார் வேலை குடும். கண்ணியமா இருக்கும். அப்புறம், வெயில்ல போய் எரியுதானே, தற்கொலை சட்டப்படி குத்தம்.”

காந்திமதிநாதன் கடைசிப் பக்கங்களைக் கையால் பொத்திக்கொண்டார். “அந்த இடம் மட்டும் இருக்கட்டும் அய்யா. அவன் வாழ்ந்ததே அந்த ஒரு காலையிலதான்.”

“அப்படியா? அன்னைக்கு லீவு எழுதிக் கொடுத்தானா?”

அந்தப் பக்கங்களைக் காந்திமதிநாதன் தன் கையாலேயே கிழித்தார். வீட்டில் கோமதியம்மாள், “அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனா?” என்று கேட்டாள்.

“மனு கொடுத்திருக்கா” என்றார்.

நாவல் அனுமதி பெற்று வெளியானது. அதில் ரத்தக்காட்டேரி ஓர் இரவு நேர அதிகாரி. மனு கொண்டுவந்தவர்களை வரிசையாகக் கூப்பிடுவார். கழுத்தில் ஒரு வாய் குடிப்பார். உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். முப்பிடாதியும் வரிசையில் நிற்கிறாள்.

படித்தவர்கள் யாரும் பயப்படவில்லை. மறு வாரமே ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அடிக்க வந்திருக்கிறார்கள் என்று காந்திமதிநாதன் நடுங்கினார். முன்னால் நின்றவர் ஆய்க்குடி விவசாயி சொரிமுத்து.

“அண்ணாச்சி, அந்த ஆபீசரு எப்பம் இங்கன மாத்தலாகி வருதாரு?”

“யோவ், அது ரத்தம் குடிக்கிற பேய்!”

“ஒரு வாய்தானே குடிக்காரு? வேலையை அன்னைக்கே முடிச்சிருதாருல்லா!”

சொரிமுத்து துண்டை உருவிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை தெருக்கோடி வரை வளர்ந்தது. ஒழுங்குபடுத்துவதற்காகக் காந்திமதிநாதன் அதன் கடைசி வரை நடந்தார்.

கடைசியில் தளவாய் நின்றார். அவருடைய பதவி உயர்வு எத்தனையோ வருஷமாக மேலிடத்தில் தூங்குகிறதாம். சட்டையின் கழுத்துப் பொத்தானை அவர் முன்கூட்டியே கழற்றியிருந்தார்.