மூவாயிரத்து எழுபத்தொன்று

பறவை பார்ப்பவர்களில் பல வகை உண்டு. கொட்டுகிற மழையிலும் அசையாமல் பார்ப்பவர், படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதற்காகப் பார்ப்பவர், பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டாரே என்று வயிறெரிந்து பார்ப்பவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது, பார்க்காமலே பார்ப்பவரைப் பற்றி. அவருக்குத் ‘தெரியும் ஆசாமி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இதற்காக நான் மூளையைக் கசக்கவில்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தையே அதுதான்.

நமக்கு அகப்பட்டிருக்கும் தெரியும் ஆசாமி, தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். விலாசத்தில் முதல் வரியைப் பார்த்தாலே போதும், கை தானாகக் கடிதத்தை ஏதோ ஒரு தட்டில் வீசிவிடும். யார் யாருடைய வேலை உத்தரவெல்லாம் எந்தெந்த ஊரில் போய்க் குடியேறியதோ, அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

இப்போது அவர் வருடா வருடம், முட்டையிடும் பருவத்தில், படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போகிறார். ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் மணலைக் குழித்து முட்டையிடுகின்றன. குஞ்சாக இருக்கும்போதே பலவற்றின் காலில் எண் போட்ட வளையம் மாட்டிவிடுவார்கள். பின்னாளில் அவை திரும்பி வரும்போது, பலகைக் கொட்டகைக்குள் ஒளிந்து உட்கார்ந்து, தொலைநோக்கியில் அந்த எண்ணைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். எது வந்தது, எது வரவில்லை என்பது அதை வைத்துத்தான் தெரியும். வேலை இரண்டே இரண்டு: பார்ப்பது, எழுதுவது. நம்மவருக்கு முதலாவது அநாவசியம்.

அவருக்கென்று அங்கே ஒரு பறவை இருக்கிறது. எண் மூவாயிரத்து எழுபத்தொன்று. இருபத்தேழு வருடத்துக்கு முன் அவரே தம் கையால் வளையம் மாட்டிய குஞ்சு. மாட்டியபோது அது கட்டைவிரலைக் கொத்தியது. அந்தத் தழும்பை அவர் காட்டாத ஆள் கிடையாது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரிடம் விரலை நீட்டியவர் அவர். துருப்பிடித்த ஓர் இரும்புக் கம்பத்தடியில்தான் அது வருடந்தோறும் உட்காரும். தீவிலேயே நெடுநாள் வாழ்ந்த பறவைக்கு வயது இருபத்தாறு. இந்த வருடம் இவருடையது வந்திருப்பது உறுதியானால், அதுதான் முதலிடம். கூடத்துச் சுவரில் அதன் படத்துக்காக ஏற்கெனவே ஆணி அடித்தாகிவிட்டது.

ஆனால் தீவில் ஒரு சட்டம் உண்டு. இப்படி முதலிடம் தருவதென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தீவின் காவலரிடம் தர வேண்டும். துணைக்கு மருமகளை அழைத்துக்கொண்டு போனார். வீட்டில் அதிர்ந்து பேசாத பெண், தலையாட்டிவிடுவாள் என்ற நம்பிக்கை. அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

“கம்பத்தடியில உக்காந்திருக்கு பாரும்மா. மூணு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு. தெரியுதா?”

“சொல்லக்கூடாதுன்னு காவலர் சொன்னாரே மாமா.”

“நான் எங்க சொன்னேன்? ஞாபகப்படுத்தினேன்.”

பறவை காலை வயிற்றுக்கடியில் மடக்கி உட்கார்ந்திருந்தது. அவள் காத்திருந்தாள். வெயில் ஏறியதும் முட்டைகளுக்கு நிழல் கொடுக்க அது எழுந்து நின்றது. அவள் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். சீட்டில் எழுதி மடித்தாள்.

“உங்க சீட்ட எப்ப மாமா எழுதினீங்க?”

“படகு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். எதுக்கு நேரத்த வீணாக்கணும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்டவர்கள் கடைக்குத் தினம் பத்துப் பேராவது வருவார்கள். முன்னால் போனவர் படித்ததைக் கேட்டு, எழுத்துப் பலகை முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பலகையைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு வைத்தியம் உண்டு.

“எனக்காக ஒரு தடவ படிங்க மாமா. ஆனா கடைசியிலேருந்து.”

“எங்கேருந்து படிச்சாலும் அதேதானேம்மா.”

“அப்ப படிச்சிடுங்க.”

அவர் அலட்சியமாகத் தொலைநோக்கியில் குனிந்தார். “ஒண்ணு. ஏழு. பூஜ்யம்.” அதற்கப்புறம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் எந்தக் கடிதத்தையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“எட்டு” என்றார்.

எட்டாயிரத்து எழுபத்தொன்று ஏழு வயதுப் பறவை. அதே கம்பம், அதே இடம். ஆள் மட்டும் வேறு. எட்டு எப்படி மூன்றாகத் தெரிந்தது என்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியவே இல்லை, வாய்க்குத்தான் தெரிந்தது. நோட்டைப் புரட்டினார். கடைசி மூன்று வருடமும் மூவாயிரத்து எழுபத்தொன்று என்று படித்தவர் அவர் ஒருவர்தான்; அதற்கு முன் மற்றவர்களும் படித்திருந்தார்கள்.

“அப்ப என்னோடது?”

“அது வரலைன்னுதான் தோணுது மாமா.”

“மூணு வருஷமா நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேனேம்மா.”

அவருக்கு முதலிடம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. எங்கோ செத்துப்போன பறவைக்காக மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட வருத்தப்படவில்லையே என்றுதான் இருந்தது. தம் சீட்டைக் கிழித்துவிட்டு, நோட்டில் அந்த மூன்று வரிகளையும் தாமே அடித்தார். அடித்த வேகத்தில் தாளும் கிழிந்தது.

பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். தொலைநோக்கிக்காக நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்ததை அவள் அப்போதுதான் இறக்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நீ கண்ணாடியா போடுற?”

“கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து போட்டிருக்கேன் மாமா. அஞ்சு வருஷமாகுது.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவர் இன்று என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்? எழுந்து போகக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல வேண்டும்.

தெரியும் என்கிறீர்களா? நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.