அசையாத வாசற்படி

வெஸ்லி காப்பிக் கோப்பையோடு மாமனார் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தான். தளம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இரண்டு விரற்கடை கீழே இருந்தது. முதலில் கால் இறங்கியது, பின்னாலேயே உடம்பு போனது. காப்பி எல்லாவற்றுக்கும் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் ஹால்வர், மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். சவ ஊர்வலம் கடக்கும்போது செய்கிற மரியாதை அது.

“இறங்கிடுச்சு மாப்ளே,” என்றார்.

“என்ன மாமா இறங்கிடுச்சு?”

“உன் டெக்குதான். ஒரே ஒரு குளிர்காலம். அதுக்கே மண்டி போட்டுடுச்சு.”

வெஸ்லி கீழே குனிந்து பார்த்தான். போன அக்டோபரில் வாசற்படிக்குச் சமமாக, சீட்டுக்கட்டு அடுக்கின மாதிரி அவன் முடித்து வைத்த மரத்தளம், இப்போது படிக்குக் கீழே பதுங்கியிருந்தது.

அவன் அலபாமாக்காரன். அவன் ஊரில் பனி என்பது குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டில் இருக்கும் பொருள். காதல் என்ற ஒரே தகுதியோடு வடக்கு மின்னசோட்டாவுக்கு வந்து பிரிட்டாவைக் கட்டிக்கொண்டு, துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். ஜூன் தொடக்கத்தில் குழந்தை பிறக்கப் போகிறது. தொட்டில் போட இடமில்லாமல், தொட்டிலைக் குளியல் தொட்டிக்குள் வைத்து அளந்து பார்த்திருந்தார்கள்.

போன செப்டம்பர் கடைசியில், குழந்தைச் செய்தி கேட்ட கையோடு ஹால்வர் தன் பெருந்தன்மையை அறிவித்தார்.

“எனக்கும் உன் மாமியார் ஆர்டிசுக்கும் முழங்கால் போச்சு. டவுன்ல லிஃப்ட் வெச்ச அப்பார்ட்மென்ட்டு பார்த்திருக்கோம். இந்த வீடு உங்களுக்குத்தான். ஆனா சுத்தி பிடிக்கத் தெரியாதவன் கையில வீட்டைக் கொடுக்க மாட்டேன். பின்னால ஒரு டெக்கு கட்டு. ஒரு குளிர்காலம் ஆடாம நிக்கட்டும். நின்னா மே மாசக் கடைசி லீவுல எல்லார் முன்னாடியும் சாவியைத் தர்றேன். நிக்கலன்னா, வித்துட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“கண்டிப்பா கட்டுறேன் மாமா.”

“இன்னொண்ணு. என் வீட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. வீட்டு மேல சாயாம, டெக்கு தன் சொந்தக் கால்ல நிக்கணும். உன்னை மாதிரி இல்லாம.”

அந்தச் சொந்தக் கால்கள்தான் பிரச்சினை. அந்த ஊரில் குளிர்காலத்தில் மண் வெகு ஆழம் வரை உறையும். உறைந்த மண் உப்பும். உப்பினால் மேலே நிற்பதைத் தூக்கிவிடும், உருகும்போது இறக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்துக்குக் குழி தோண்டி, அங்கிருந்து கான்கிரீட்டில் அடித்தூண் எழுப்ப வேண்டும். இது அங்கே கட்டடக் கலை அல்ல, மதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள். மேலோட்டமாகத் தோண்டினவனுக்கு மன்னிப்பு கிடையாது.

பயத்தில் வெஸ்லி சட்டம் சொன்ன ஆழத்தையும் தாண்டித் தோண்டினான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழியை நகராட்சி ஆள் பார்த்தாக வேண்டும். இன்ஸ்பெக்டர் ஜோனாஸ் வந்தார், எட்டிப் பார்த்தார், விசிலடித்தார்.

“போதும் தம்பி. இதுக்கு மேல போனா இரும்புச் சுரங்க லைசென்ஸ் எடுக்கணும்.”

கான்கிரீட் இறுகியதும் ஜோனாஸ் மறுபடி வந்து, தூண்களின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போனார்.

இவ்வளவு நாளும் ஹால்வர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உதவி என்பது அவரைப் பொறுத்தவரை உட்கார்ந்து வழங்கும் பொருள்.

“இதென்ன மாப்ளே, குழி வெட்டறியா, குழியைத் தாலாட்டுறியா? நான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது எப்படித் தெரியுமா? மறுநாள் மீன்பிடி சீசன் ஆரம்பம். ஊரே ஏரிக்குக் கிளம்புது. ஒரே நாள்ல தோண்டினேன், அன்னிக்கே ஊத்தினேன், விடியக்காலைல தண்ணியில தூண்டில் போட்டேன். நாப்பது வருஷமாச்சு. அந்த வாசற்படி ஒரு நூல் அசைஞ்சிருக்கா பாரு!”

வெஸ்லி பார்த்தான். அசையவில்லை. வாசற்படிகள் பொதுவாக, பார்க்கும்போது அசைவதில்லை.

ஆக, ஏப்ரலில் தளம் இறங்கிவிட்டது. அன்று மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் ஆர்டிஸ் பட்டாணி சூப் ஊற்றினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஹால்வரோடு நாற்பது வருஷம் வாழ்ந்ததில் பேசுவதற்கு இடைவெளி கிடைத்திருக்காது. ஒவ்வொரு கிண்ணத்தின் கீழும் ஒரு பக்கமாகத் தீப்பெட்டி ஒன்றைச் செருகி வைத்தாள். சிந்திய பட்டாணி ஒன்று மேசை மேல் தெருப் பக்கமாக உருண்டு கீழே விழுந்தது. சாமான் அறைக் கதவைப் பிரிட்டா இடுப்பால் இடித்துத் திறந்தாள்.

“கதவு இறுகிக் கிடக்கே?” என்றான் வெஸ்லி.

“ஏப்ரல்ல எல்லா வீட்டுலயும் கதவு இறுகும்,” என்றாள் பிரிட்டா. அவள் வளர்ந்தது ஒரே ஒரு வீட்டில்.

தீப்பெட்டியை வெஸ்லி நார்வே நாட்டு வழக்கம் என்று முடிவு செய்தான். அந்தக் குடும்பத்தின் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். காய்ந்த மீனைக் காரத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொழகொழவென்று ஆக்கி, அதைப் பண்டிகை என்று சொல்லித் தின்கிறவர்கள் கிண்ணத்துக்குத் தீப்பெட்டி வைக்கக் கூடாதா? தன் கிண்ணத்துக்கும் ஒன்று கேட்டு வாங்கி, பயபக்தியோடு செருகிக்கொண்டான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஹால்வர் அவனைப் பாசத்தோடு பார்த்தார்.

அடுத்த வாரம் ஜாக்கி வாடகைக்கு எடுத்து, தளத்தைத் தூக்கி, தூண்களின் தலையில் இரும்புத் தகடுகளைச் செருகினான். தளம் எழுந்து வாசற்படியைத் தொட்டது.

“ரசமட்டம் வெச்சுப் பார்க்கட்டுமா மாமா?”

“எதுக்கு? அந்தக் கண்ணாடிக் குழாய்ல ஓடுற குமிழியை நம்புவே, நாப்பது வருஷமா நிக்கிற படியை நம்ப மாட்டே. என் வாசற்படிதான் உனக்கு மட்டம். அதைப் பார்த்து வேலை செய்.”

வெஸ்லி வாசற்படியைப் பார்த்து வேலை செய்தான். படித்த பையன். எதையாவது அளவுகோல் என்று கொடுத்தால் சந்தேகப்படாமல் அளப்பான்.

மே பிறந்து வெயில் வந்தது. ஒரு காலை ஆர்டிஸ் குப்பை கொட்டப் புறப்பட்டாள். கொசுவுக்காகப் போட்ட வலைக்கதவு வெளிப்பக்கம் திறப்பது. அது பாதியில் தளத்தில் இடித்து நின்றுவிட்டது. ஆர்டிசும் குப்பையும் இடுக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

ஹால்வர் நாற்காலியிலிருந்து கைதட்டினார்.

“ஆகா! இப்ப ஏறிடுச்சு! போன மாசம் கீழ, இந்த மாசம் மேல. உன்கிட்ட நான் டெக்குதானே கேட்டேன் மாப்ளே, லிஃப்ட் எங்க அப்பார்ட்மென்ட்டுலதான் இருக்கே!”

வெஸ்லி தகடுகளை உருவினான். தளம் தாழ்ந்தது, அதிகமாகவே தாழ்ந்தது. பாதித் தகடுகளைத் திரும்பச் செருகினான். சரியாக வந்தது. நான்கு நாள் கழித்து மறுபடி கதவு இடித்தது. அவன் உருவ, செருக, உருவ, அண்டைவீட்டார் நடையை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டார்கள். அந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல மாட்டார்கள். “வித்தியாசமா இருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது.

“என் கான்கிரீட் கால்தான் நகருது பிரிட்டா,” என்று கடைக்கு மேலிருந்த அறையில் அழாத குறையாகச் சொன்னான். “போன வருஷம் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்.”

“அப்பா வித்துடுவாரா?”

“குழந்தை குளியல் தொட்டியிலதான் வளரும்போல.”

“எதாவது பண்ணு வெஸ்லி. பெருசா பண்ணு.”

பெரிதாகச் செய்தான். நான்கு அடித்தூண்களையும் சுற்றி மறுபடி அகழி வெட்டினான். மழை பெய்து நான்கும் குளமாயின. இறைத்தான். கையால் கலக்கினால் கட்டாது என்று கான்கிரீட் லாரி வரவழைத்தான். லாரி ஆர்டிஸின் ருபார்ப் செடிப் பாத்தியை ஒருமுறை ஏறியும் ஒருமுறை இறங்கியும் அரைத்தது. தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்திருந்ததால், குழி நிறைந்த பிறகும் கான்கிரீட் வந்துகொண்டே இருந்தது. புல்வெளியில் வழிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஹால்வரின் நாற்காலிக் கால்களைச் சூழ்ந்து, அங்கேயே இறுகியது. ஹால்வரை மட்டும் உருவி எடுக்க முடிந்தது.

அவர் நாற்காலியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார்.

“நல்ல வேலை மாப்ளே. நீ கட்டினதுல ஆடாத பொருள் இது ஒண்ணுதான்.”

மே மாதக் கடைசி லீவு வந்தது. சொந்தக்காரர்கள், தேவாலயத்துக்காரர்கள், போதகர், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. வலைக்கதவு ஒரு கை நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஹாட்டிஷ் சமையலறை ஜன்னல் வழியாகக் கைமாறி வெளியே வந்தது. விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் தளத்தைப் பார்த்து, “வித்தியாசமா இருக்கே” என்றார்கள். வெஸ்லி ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை குறைந்தான். அன்றைக்கு ஆர்டிஸ் எந்தக் கிண்ணத்துக்கும் தீப்பெட்டி வைக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தான். நோன்பு மாதிரி அந்த வழக்கத்துக்கும் மாசக் கணக்கு உண்டுபோல என்று நினைத்துக்கொண்டான்.

ஹால்வர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

“எல்லாரும் கேளுங்க. என் மாப்பிள்ளை கட்டின டெக்கைப் பார்த்தீங்க. நான் போட்ட நிபந்தனைப்படி இவன் தோத்துட்டான்.”

பிரிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா நான் கல்நெஞ்சன் இல்ல. பொண்ணு புள்ளத்தாச்சி. வீட்டை இவங்களுக்கே கொடுக்கறேன்.”

கைதட்டல் எழுந்தது. போதகர் கண்ணைத் துடைத்தார். வெஸ்லி தன்னையே நொந்துகொண்டான். இப்படிப்பட்ட மனிதரையா மனசுக்குள் அத்தனை பட்டப்பெயர் வைத்துத் திட்டினோம்!

“ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடு மாப்ளே. போதகர் முன்னாடி. இங்க இதுவரைக்கும் எது ஆடியிருந்தாலும், இனிமே எது ஆடினாலும், அது உன் பொறுப்பு. எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“என் பொறுப்புதான் மாமா. எல்லாமே என் பொறுப்பு.”

“நல்ல பையன். பத்திரத்துல கையெழுத்துப் போடு.”

வெஸ்லி போட்டான். மை காய்வதற்குள் ஹால்வர் சாவியை அவன் கையில் திணித்துவிட்டு, தன் வண்டியை நோக்கி நடந்தார். முழங்கால் போன மனிதர் அவ்வளவு வேகமாக நடந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பெட்டிகள் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டிருந்தன.

அப்போதுதான் ஜோனாஸ் வந்தார். விருந்துக்கும் வந்தார், தளத்துக்குக் கடைசி அனுமதி கொடுக்கவும் வந்தார். ஒரு கையில் எலுமிச்சை இனிப்பு, இன்னொரு கையில் அளக்கும் கருவி. கருவியை அதன் முக்காலியில் நிறுத்தி, தெருமுனையில் நகராட்சி நட்டிருந்த குறியீட்டுக் கல்லிலிருந்து தூண்களுக்கு ஒரு பார்வை பார்த்தார்.

“பாஸ்,” என்றார்.

“பாசா? சார், மேல தகடு வெச்சு ஏத்தியிருக்கேன். கால் ஏறி இறங்குது...”

“கால் எங்க ஏறுச்சு? போன அக்டோபர்ல நான் குறிச்சுட்டுப் போன இடத்துலயே இருக்கு. ஒரு நூல் நகரல. இந்தக் கவுண்டியிலேயே இப்படி ஒரு அடித்தூண் நான் பார்த்ததில்ல. தேவையில்லாம ஒரு லாரி கான்கிரீட்டை வேற சுத்தி ஊத்தி வெச்சிருக்கே. மேல இருக்கற தகடை எடுத்துடு, அவ்வளவுதான்.”

“நகரலன்னா கதவு எப்படி சார் இடிச்சுது?”

ஜோனாஸ் இனிப்பை மென்றார். வாசற்படியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஹால்வரைப் பார்த்தார்.

“எங்கிட்ட இருக்கற அனுமதிச் சீட்டு டெக்குக்கு மட்டும்தான் தம்பி,” என்று சொல்லிவிட்டு ஹாட்டிஷ் பக்கம் நகர்ந்தார்.

வெஸ்லி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினான். ஹால்வர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு கியரைத் தேடினார். பக்கத்து இருக்கையில் இருந்த ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கி, கைப்பையைத் துழாவி, ஓரம் தேய்ந்த தீப்பெட்டி ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏப்ரல்ல வீடு எந்திரிக்கும்போது கிண்ணத்துக்குத் தெருப் பக்கமா வை கண்ணு, மே மாசம் வீடு உக்காந்ததும் எடுத்துடு.”