பெண் பார்க்கப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியவன்

ஊரே கொண்டாடும் எதையும் நான் நம்ப மாட்டேன். நாலு பேர் ‘சூப்பர்’ என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாயிரங்களில் அப்படி ஊரே கொண்டாடியது ஒரு கம்ப்யூட்டர் கிரிக்கெட் கேம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேரும் வாடகை அறையில் அதைத்தான் ஆடுவோம். மட்டமான கேம். பந்து போடுவதற்கு முன்பே வர்ணனையாளர் ‘அருமையான கேட்ச்’ என்பார். இறங்கி வந்து லெக் பக்கம் தூக்கி அடித்தால், பந்து ஃபீல்டரின் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக சிக்ஸர் போகும். ஒவ்வொரு முறையும்! (அந்த ஆள் அசையக்கூட மாட்டான். குடல் இல்லாதவன்.) அதனால் எங்கள் அறையில் ஒரு சட்டம்: அந்த ஷாட் அடித்தவன் அவுட். உலகத்துக்கே அதுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன்.

அப்போது கடம்பத்தூரில் பெண் பார்க்கப் போனோம், நானும் அம்மாவும். ஏற்கெனவே மூன்று வீட்டில் ‘மாப்பிள்ளைக்கு முன்கோபமாமே’ என்று தட்டிக் கழித்திருந்தார்கள். ரயிலிலேயே அம்மா எச்சரித்தாள். “இங்கியும் கத்திகினு நின்னின்னா, இனிமே உனக்குப் பொண்ணு தேட மாட்டேன்டா.”

போனால், ஹாலில் அதே கேம்! பெண்ணின் அப்பா, “வாங்க தம்பி, வள்ளியோட ஒரு மேட்ச் ஆடுங்க. கூச்சம் போயிடும்” என்றார். எந்த வீட்டிலாவது மாப்பிள்ளைக்கு பஜ்ஜிக்கு முன்னால் கீபோர்டு கொடுப்பார்களா? ஏதோ பரீட்சை வைக்கிறார்கள். உஷாராகி, நேர்மையாக ஆடினேன். இரண்டு ஓவரில் பதினோரு ரன்.

அடுத்து வள்ளி. முதல் பந்து: இறங்கி வந்தாள், லெக் பக்கம், வயிறு, சிக்ஸர். இரண்டாவது பந்தும் வயிறு. ஆட்டம் முடிந்தது.

“போங்கு!” என்று கத்தினேன். அம்மா கையிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்தது.

“இன்னா போங்கு? நீங்களும் அடிக்க வேண்டிதான?” என்றாள் வள்ளி.

“எங்க ரூம்ல அந்த ஷாட் அவுட்டு!”

“இது உங்க ரூமா? எங்க ஊடு.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கீபோர்டில் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். கவிழ்த்துத் தட்டினேன். பழைய மிக்சர்தான் கொட்டியது. மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டு, சந்தேகப்பட்ட ஒரு வயரை இழுத்தேன். பிளக் கையோடு வந்தது. கம்ப்யூட்டரும் டேபிள் ஃபேனும் ஒன்றாக நின்றன.

அந்த அமைதியில் அவள் அப்பா கேட்டார்: “தம்பி, பொண்ணு பாக்க வந்தீங்களா, அம்பயர் வேலைக்கு வந்தீங்களா?”

அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தாள் (மாட்டவா, என்னை அடிக்கவா என்று இன்று வரை சொல்லவில்லை). அவர் மகளிடம் திரும்பினார். “இன்னாமா, வேணாம்னு சொல்லிடலாமா?”

வள்ளி மிக்சரைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இந்த கேம்லயுந்தான் ஆயிரம் கோளாறு. தூக்கியா போட்டுட்டோம்? எங்க சொதப்பும்னு தெரிஞ்சிட்டா ஜாலியா ஆடலாம்பா.”

என் கல்யாணம் இப்படித்தான் நிச்சயமானது. அது நல்ல கேம்தான் என்று அவள் இன்றும் சாதிக்கிறாள். வயிற்றில் ஓட்டை இருப்பவனை வைத்து ஆடுவது ஆட்டமே இல்லை என்பது என் கட்சி. நான் குரலை உயர்த்தினால் போதும், எங்கள் மகள் ஓடிப்போய் டிவியை மறைத்துக்கொண்டு நிற்பாள். “அம்மா, அப்பா பிளக்கப் பாக்குறாரு!”

வள்ளி அலட்டிக்கொள்ளாமல் வந்து ஒரு வார்த்தை சொல்வாள். நான் அடங்கிவிடுவேன். ஒவ்வொரு முறையும்! எந்த இடத்தில் அடிக்கிறாள் என்று இன்னும் பிடிபடவில்லை. தெரிந்த அன்றே அந்த ஷாட்டுக்குத் தடை.