வாய் திறக்காத ஒப்பந்தம்

இனி என் மனைவி பட்டறை விஷயத்தில் தலையிடக் கூடாது. ஒரு திங்கட்கிழமை காலை, இழைப்புளியைப் பிடித்தபடி இந்த முடிவை எடுத்தேன். கையில் ஆயுதம் இருந்தால்தான் எனக்குத் தைரியம் வரும்.

காரணம் ஒரு நோட்டு. வீட்டின் முன்னறைதான் என் தச்சுப்பட்டறை. கட்டிலோ கதவோ, யார் எதைக் கேட்டாலும் அளவைப் பென்சிலால் சுவரில் குறித்துக்கொள்வேன். முப்பது வருஷப் பழக்கம். அவளோ வந்தவரிடம் தண்ணீரோடு நோட்டையும் நீட்டுவாள். "அளவை உங்க கையால எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." அவர் என்னைப் பார்ப்பார். நான் மரத்தூளைப் பார்ப்பேன்.

"வாக்குதான்டி தொழிலுக்கு அஸ்திவாரம். நீ நோட்டை நீட்டுறது வர்றவங்களைத் திருடன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"திருடங்க இல்லீங்க. மறதிக்காரங்க. உங்களையும் சேர்த்துத்தான்."

"இனிமே பட்டறை விஷயத்துல நீ வாயே திறக்கக் கூடாது."

"வாய்ப் பேச்சு எதுக்கு? எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'பட்டறை விஷயத்தில் மனைவி வாய் திறக்கக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டாலன்றி இதை மாற்ற முடியாது.' இரண்டாவது வரி அவள் சொல்லி நான் எழுதியது. கையெழுத்துப் போட்டதும் பெரிய முதலாளி ஆகிவிட்டது போல் இருந்தது. அந்தக் களிப்பில் பட்டறைக்கு வெள்ளையும் அடித்தேன்.

பதினோராம் நாள் பல் டாக்டர் வந்தார். முந்தின நாள்தான் அவர் வீட்டுக்கு அலமாரியை அனுப்பியிருந்தேன்.

"என்னய்யா, உன் அலமாரி மாடிப்படித் திருப்பத்துல சிக்கிக்கிட்டு நிக்குது. மேலயும் போகல, கீழயும் வரல. என் மாமியார் நேத்திலிருந்து மாடியிலயே இருக்காங்க! ஏழடி சொன்னா எட்டடி பண்ணுவியா?"

"எட்டடின்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க! இதோ, சுவத்துல..."

திரும்பினேன். சுவர் அவர் கட்டிக்கொடுக்கும் பல்லைப் போல வெளேரென்று இருந்தது.

"எந்தச் சுவத்துல? நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். இந்தப் பட்டறைக்குப் பூட்டுப் போடாம விடமாட்டேன்."

பல்லைப் பிடுங்குகிறவர் பிழைப்பைப் பிடுங்க வந்துவிட்டார்.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் நோட்டு. உதட்டில் விரல்.

"சொல்லேன்மா!"

மாட்டாளாம். ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அதைக் கிழிச்சுப் போடு. பேசு தாயே!"

விரல் இரண்டாவது வரிக்கு நகர்ந்தது. பிறகு நோட்டுக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தாள். புது ஒப்பந்தம். அவள் கையெழுத்து முன்பே இருந்தது. படிக்கலாமென்று கண்ணாடியைத் தேடினேன். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். போட்டேன் கையெழுத்தை.

"டாக்டர், ஒரு நிமிஷம்." பதினோரு நாள் சேர்த்துவைத்த குரல். "இது உங்க எழுத்தான்னு பாருங்க."

'உயரம் எட்டடி. ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது.' கீழே தேதி, கையெழுத்து.

ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர் தன் வாயை மூடிக்கொண்டார்.

"அளவு சொன்னது யாருங்க?"

"மாமியார்தான்மா. அவங்க சொன்னதை எழுதினேன்."

"போகட்டும். இவர் வந்து மேல் ரெண்டடியைத் தனியாக் கழட்டி, மாடியில வெச்சு மாட்டித் தருவார். அலமாரியும் ஏறும், அம்மாவும் இறங்குவாங்க. சம்மதம்னா இதுலயும் ஒரு கையெழுத்து."

போட்டார். சிரித்துக்கொண்டே போனார்.

நான் நோட்டைப் புரட்டினேன். முப்பது வருஷத்துக் கையெழுத்துகள். கட்டில் கேட்ட சிலர் இப்போது கட்டில் தேவையில்லாத இடத்துக்குப் போய்விட்டார்கள். எழுத்து மட்டும் இருக்கிறது. ஒருவரோடும் எனக்கு வழக்கு வந்ததில்லை. அது என் வாக்கின் பெருமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முதல் பக்கத்தில் என் எழுத்து. 'இவளை அழவைக்க மாட்டேன்.' பட்டறை தொடங்கிய நாளின் தேதி. அதன் கீழே சின்னச் சின்னதாய் அவள் குறித்திருந்த வேறு தேதிகளை நான் எண்ணவில்லை. என் கண்தான் நனைந்தது.

"நீ மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து என் மூக்கில் மாட்டி, புது ஒப்பந்தத்தை நீட்டினாள். பழைய வாசகமேதான். ஒரே ஒரு மாற்றம்: 'மனைவி' இருந்த இடத்தில் 'கணவன்'.