றஹ்மாவின் கணுக்கால்

"மிஸ், கால் நோகுது. நடக்க ஏலா."

கிண்ணியாவிலிருந்து வந்த றஹ்மாவின் கையில் பச்சைப் பட்டி கட்டி, வெளி விறாந்தையில் இருக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள் தாதி சோபனா. றஹ்மாவோ புருஷனையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே வந்துவிட்டார்.

அவசரப் பிரிவில் சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் அடுத்து, பச்சைக்குப் பொறுமை. சோபனா முகத்தைப் பார்த்தே நிறம் சொல்லிவிடுவாள் என்று அவளுடைய ஊரான பாலையூற்று முழுக்கப் பெருமை. அதைப் பரப்பியதில் சோபனாவுக்கும் பங்குண்டு.

அன்றைக்குத் தோப்பூர்ப் பக்கம் ஒரு பஸ் புரண்டு, காயக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளேயோ ஒவ்வொரு நோயாளிக்கும் துணையாக ஒரு குடும்பமே நின்றது.

"துணைக்கு வந்த ஆக்கள் எல்லாரும் வெளிய போங்கோ."

றஹ்மாவின் புருஷன் ஸெய்னுதீன் சந்தோஷமாகத் திரும்பினார். "அப்ப நான் வீட்ட போறன்."

உடனே றஹ்மாவுக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. "இவர் பிடிக்காட்டி நான் விழுந்திடுவன், மிஸ்." சொல்லிக்கொண்டே, புருஷனுக்குத் தெரியாமல் சோபனாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சோபனா டோர்ச் அடித்து அந்தக் கண்ணைச் சோதித்தாள். கண்ணில் ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரக் கதிரை ஒன்றில் இருத்தி, ஸெய்னுதீனையும் பக்கத்தில் நிற்க விட்டாள்.

அதைக் கண்டதும் விறாந்தையில் இருந்த பச்சைக்காரர் எல்லோருக்கும் இடுப்புப் பிடித்தது.

"எனக்கும் கதிரை தாங்கோ," என்றார் விரலில் முள் ஏறிய ஒருவர்.

"நீங்கள் விரலாலயோ நடக்கிறனீங்கள்?"

கதிரை கேட்டு உள்ளே வந்த கூட்டத்தில் வழி அடைபட்ட நேரம் பார்த்து, வெளியே அம்புலன்ஸ் அலறியது. சோபனா நேரே றஹ்மாவிடம் போனாள். "அக்கா, எழும்புங்கோ. உங்களால எல்லாம் குழம்பிப் போச்சு."

றஹ்மா மற்றக் கண்ணையும் சிமிட்டினார்.

"என்னோட பகிடி விடாதேங்கோ." ஸெய்னுதீனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். "நானா, நீங்களாவது இவவுக்குச் சொல்..."

சோபனா நிறுத்திவிட்டாள். காற்றாடிக்குக் கீழே நின்ற ஸெய்னுதீனின் முகம் சாம்பல் பூத்து, வியர்த்து வழிந்தது. ஒரு கை தாடையைத் தடவிக்கொண்டிருந்தது.

"நானா, எங்க நோகுது?"

"எனக்கொண்டுமில்ல. நோயாளி இவ."

"தாடை?"

"அது வாய்வு, மிஸ்."

சோபனா சிவப்புப் பட்டியை அவர் கையில் கட்டினாள். அடுத்த மூச்சில் அவர் கட்டிலில், நெஞ்சில் வயர்களோடு. டொக்டர் இராகுலன் ஓடிவந்தார். சோபனா போட்ட ஒரு அதட்டலில் பச்சைக்காரரின் இடுப்பெல்லாம் சுகமாகி வழி திறந்தது. பஸ் காயக்காரர்களும் நிறம் நிறமாக இடம் பிடித்தார்கள்.

"மாரடைப்பு," என்றார் டொக்டர். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் ஆளில்லை. முகத்தைப் பார்த்தே பிடிச்சிட்டீங்கள், சோபனா."

சோபனா ஒரு சாண் உயர்ந்துதான் போனாள். பின்னேரத்துக்குள் பாலையூற்றுக்குக் கதை போய்விடும். போகாவிட்டால் அவளே கொண்டுபோவாள்.

அந்த உயரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், சக்கரக் கதிரை காலி. றஹ்மா தண்ணீர்ப் போத்தலோடு இரண்டு காலாலும் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்கட கால்?"

"எனக்கு நோகுதெண்டால்தான் மிஸ் இந்த மனிசன் ஆஸ்பத்திரிக்கு வருவார், தன்ட நெஞ்சு நோவுக்கு வரமாட்டார்."