லாரிக்குக் குளிருது

வண்டிக்கு டீசல் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். வண்டிக்குக் குளிருமே என்று கவலைப்பட ஒரே ஒரு மனிதர்தான் பிறந்தார். அவரும் காஷ்மீரில் பிறக்கவில்லை, அவிநாசிக்குப் பக்கத்தில் பிறந்தார்.

அவரை நாங்கள் மிலிட்டரி என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். உடனே முறுக்கு மீசையும் சல்யூட்டுமாக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். துப்பாக்கியை அவர் தேர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில்தான் தொட்டிருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றது அவருடைய லாரி. அதை ஏலத்தில் எடுத்து, முதுகில் தொட்டியை ஏற்றி, சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசராக வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து நான்கிலோ ஐந்திலோ. புது மனைவியோடு குடியேறிய வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிர் மைதானத்தில் அந்த லாரி நிற்கும். மைதானத்தை ஒட்டியே எங்கள் கம்பெனியின் சாயப்பட்டறை.

மார்கழி பிறந்தால் லாரி காலையில் கிளம்பாது. அதன் எஞ்சினுக்குள் ஆறு ஹீட்டர் பிளக் உண்டு. சாவியைத் திருப்பியதும் அவை பழுத்துச் சிவந்து உள்ளே சூடேற்றினால்தான் டீசல் பற்றும். ஆறில் ஐந்து ஏற்கெனவே காலமாகியிருந்தன. ஆறாவது அமாவாசைக்கு ஒருமுறை வேலை செய்தது.

“ஏனுங்ணா, லடாக் பனியில ஓடுன வண்டிங்கறீங்க. நம்மூருக் குளிரு தாங்காதுங்களா?” என்று டீக்கடையில் வம்புக்கு இழுப்பார்கள்.

“அங்க அதுக்கு ஹீட்டர் குடுத்து வெச்சிருந்தாங்க சாமி. நாம வேலைய மட்டுந்தான குடுக்கறோம்” என்பார் மிலிட்டரி.

கேட்டவர்கள் டீ கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். ஷிப்ட் முடிந்து தூக்கம் வழியும் முகத்தோடு வந்து உட்கார்கிறவர்கள்தான் அங்கே பாதிப் பேர்.

முதலில் அவர் நெருப்பை நம்பினார். ஒரு கம்பியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்துக் கொளுத்தி, எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் காட்டுவார். அனலை இழுத்துக்கொண்டு வண்டி கிளம்பும். ஒருநாள் வண்டி உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே விட்டது. அப்புறம் மூன்று மாதம் மிலிட்டரிக்குப் புருவம் இல்லை. நாம் என்ன சொன்னாலும் ஆச்சரியப்படுகிறவர் போலவே இருந்தார்.

உதிரி பாகங்களுக்கு அவர் அலைந்த அலைச்சல் தனி. அந்த மாடலுக்குச் சாமான் கிடையாது என்று கோயம்புத்தூர்க் கடைகள் எல்லாம் கை விரித்துவிட்டன. நிட்டிங் மிஷின் பெல்ட்டை ஃபேன் பெல்ட்டாக மாட்டினார். டீசலை வடிகட்ட டீ ஷர்ட் காலர் துணி போட்டார். “எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க” என்று அதற்குப் பெருமை வேறு.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே மாடல் லாரி ஒன்று செத்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து அம்மா, “குஞ்சு பொரிக்கட்டுங்க, அப்பறம் வாங்க” என்று சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் கோழியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருப்பான். மிலிட்டரி திரும்பி வந்து மூன்று வாரம் நாள் எண்ணினார். திரும்பப் போனபோது குஞ்சு பதினொன்று, வேலை செய்கிற ஹீட்டர் பிளக் ஒன்று. இரண்டு கணக்கையும் ஒரே சந்தோஷத்தோடு சொன்னார்.

ஒற்றைப் பிளக்கும் சீக்கிரமே போய்விட்டது. அப்போதுதான் அவருக்குச் சுடுதண்ணீர் யோசனை வந்தது. ராத்திரி ரேடியேட்டரைக் காலி செய்துவிட்டு, காலையில் சூடான தண்ணீரை ஊற்றினால் அது எஞ்சினைச் சுற்றி ஓடி உடம்பைச் சூடாக்கும். சூடான தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் சாயப்பட்டறை வாய்க்காலில் ஆவி பறக்கத்தான் ஓடிக்கொண்டிருந்ததே! வெளியேற்றுகிற சாயத் தண்ணீரை இரண்டு குடம் பிடித்து ஊற்றினார். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது.

“இன்னிக்கி நம்மளுக்கு நேவி ப்ளூங்க” என்பார் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மெரூன். ரேடியேட்டரில் சின்ன ஒழுகல் இருந்ததால், லாரி நின்ற இடமெல்லாம் அன்றைய கலரில் புள்ளிக் கோலம் விழுந்தது. நானும் எல்லோரையும் போல் சிரித்தேன்.

என் சிரிப்பு நின்றது ஒரு புதன்கிழமை. எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அடுத்த கோடைக்கென்று ஒரு கத்தரிப்பூ நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பரம ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தார். அந்த நிறத்தின் மாதிரி ஒட்டிய ஷேடு கார்டு என் மேஜை டிராயரில். சாவி என் அரைஞாண் கயிற்றில். அப்படியிருந்தும் அதே நிறத்தை ஊரில் இன்னொரு கம்பெனி பையரிடமே காட்டி ஆர்டர் கேட்டிருந்தது. பையர் கொதித்துப் போய் மெயில் அனுப்பினார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. “நாளைக்கி வரைக்கும் டைம் தர்றனுங்க. யாருக்குக் காட்டுனீங்கன்னு சொல்லிருங்க. இல்லீன்னா வேலைக்கி வர வேண்டாங்க” என்றார். இந்த ஊரில் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். மரியாதை கூடினால்தான் ஆபத்து. கலரை விற்றவன் என்று பெயர் வாங்கியவனுக்கு வேறெந்தக் கம்பெனியும் கதவு திறக்காது.

மறுநாள் காலை டீக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிலிட்டரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏன் கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது?”

“ஒரு கலரால என் வேலை போகப் போகுது அண்ணாச்சி” என்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிப்பூ நிறம் என்றதும் அவர் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

“இன்னிக்கி ஊத்துனதும் அந்தக் கலருதானுங்க. போன வாரம் இதே கலரு ஊத்துனப்ப ஒருத்தர் வந்து, ஒழுகற எடத்துக்கு அடியில வெள்ளத் துணி விரிச்சாருங்க. ரோடு பாழாகுதேன்னு அக்கறையாப் பண்றாருன்னு நெனச்சு, நாந்தான் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தேன்” என்றவர், மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

பதினொரு மணிக்கு நான் முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அறைக்கதவு திறந்தது. மிலிட்டரி உள்ளே வந்தார், இரண்டு கையிலும் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு. அதன் இரண்டு வாயிலும் பனியன் வேஸ்ட் திணித்திருந்தது. கண்ணாடி மேஜையின் மேல் அதை வைத்தார்.

“இதானுங்க திருடன். அந்தத் தம்பிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

மேஜையில் சொட்டுச் சொட்டாகக் கத்தரிப்பூ நிறம் விழுந்தது. முதலாளி ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ஒற்றி, ஷேடு கார்டோடு வைத்துப் பார்த்தார். எங்கள் டையிங் மாஸ்டர் ஆறு முறை முயன்று கொண்டுவந்த ஷேடு, ரேடியேட்டரில் ஒரே முறையில் வந்திருந்தது. முதலாளி முதலில் சிரித்தார். என்னைப் பார்த்து, “போய் வேலையப் பாருங்க” என்றார். பிறகு மிலிட்டரி பக்கம் திரும்பினார்.

“உங்க வண்டி இனி நம்ம கேட்டுக்குள்ள வரக்கூடாதுங்க.”

“தெரிஞ்சுதானுங்க கழட்டிட்டு வந்தேன்” என்றார் மிலிட்டரி.

அவருடைய லோடுகளில் முக்கால்வாசி எங்கள் பட்டறைக்குத்தான். அதையும் சுடுதண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்து எனக்காக விட்டுவிட்டு, ரேடியேட்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். நான் கேட் வரைக்கும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தேன். லாரியின் முன்னால் குனிந்து, இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. வண்டி ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிடும். அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு மறுபடி சுற்றுவார். இனி சோமனூர்ப் பக்கம்தான் லோடு தேட வேண்டும், அதற்கு முதலில் இது கிளம்ப வேண்டும்.

என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய், நான் குளிப்பதற்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை இறக்கினாள்.

“பிடிங்க. ஆறதுக்குள்ள கொண்டுபோய் ஊத்துங்க” என்றாள்.

“நமக்கு?”

“நமக்கென்ன, பச்சத்தண்ணி போதும். அது பாவம், லடாக்குல இருந்த வண்டில்லா.”

அந்த மார்கழி முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சுடுதண்ணீரில் குளிக்கவில்லை.