நூல் சித்தர் இழுத்த பதினேழு கட்டிகள்

2002ஆம் ஆண்டு ஆடி மாதம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் மதுராந்தகத்து வேன், அச்சரப்பாக்கத்து டெம்போ, ஊருக்கு ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே வரத சித்தர். பெண்களின் சினைப்பையில் இருக்கும் நீர்க்கட்டிகளை நூல் வழியாக இழுத்து எடுப்பவர். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வெட்கமும் இல்லை.

முறை எளிது. பெண்கள் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், மஞ்சள் நூலை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சித்தர் இளம்பெண் முகம் பார்க்காத பிரம்மச்சாரி; இரண்டு மனைவிகள் மட்டும் விதிவிலக்கு. நூலின் மறுமுனை திரையிலுள்ள ஓட்டை வழியாக அவர் கைக்கு வரும். கண்ணை மூடி இழுப்பார். பித்தளைத் தட்டில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் சொட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் உறவுக்கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அப்புறம் பத்தியம். நாற்பத்தெட்டு நாள் நெய் அல்வா, அதுவும் சித்தர் கிண்டிய அல்வாதான். நடக்கவே கூடாது. நடந்தால் கட்டி சிதறி மூளைக்கு ஏறிவிடுமாம். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது ஏறியிருந்தால் தங்குவதற்கு இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

செங்கல்பட்டு சங்கரி அங்கே மூன்று முறை போய்வந்துவிட்டாள். வயது இருபத்தெட்டு, துணிக்கடையில் வேலை. கல்யாணமாகி நாலு வருடம். ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை. தாடையில் முடி முளைக்கிறது. "இன்னா விசேஷம்?" என்று தெருவில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தாள். டாக்டர் ஜெனிட்டா முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, "சர்க்கரை, மைதா எல்லாம் கொறைம்மா. தினம் முக்கால் மணி நேரம் வேகமா நட" என்றுதான் சொன்னார். மாமியார் அமிர்தவல்லிக்குப் பெரிய ஏமாற்றம்.

"நடன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதை மாடு மேய்க்கிறவன் சொல்ல மாட்டான்?"

மாத்திரை பரணுக்குப் போனது. மருமகள் அல்வாவுக்குப் போனாள்.

மூன்று தடவையில் ஐம்பத்தொரு கட்டிகள் வெளியே வந்தன. ஒன்பது கிலோ எடை உள்ளே போனது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் மறுபடி ஜெனிட்டாவிடம் போனாள் சங்கரி. ஸ்கேனில் எல்லாம் அப்படியே இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை மட்டும் நீரிழிவின் எல்லைக்கு வந்திருந்தது.

"ஐம்பத்தொன்னு எடுத்துட்டாங்களே, டாக்டரம்மா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அது புடுங்கி எடுக்கிற கட்டி இல்லம்மா. முழுசா வளராம நின்னுபோன கருமுட்டைப் பைங்க. சாப்பாடு, நடை, மாத்திரை மூணும் சேர்ந்தா உடம்பு மெதுவா வழிக்கு வரும். அவசரப்படாத."

சங்கரி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும், சித்தரின் தட்டிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு 'கட்டி'யை எடுத்து நகத்தால் நசுக்கினாள்.

"அத்தே, இது ஜவ்வரிசி."

"கட்டின்னா ஜவ்வரிசி மாதிரிதான்டி இருக்கும். பின்ன இன்னா, பூசணிக்கா மாதிரியா இருக்கும்?"

இந்த வாதத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது. சங்கரி கணவன் பாலாவைத் தேடிப் போனாள். அவன் லாரி டிரைவர். ஆறடி, முறுக்கு மீசை.

"நீ அந்த நூலைக் கட்டிக்கணும்."

"இன்னாது? என் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"அஞ்சு மாசமா என் மானம் போயிகினு கீது. நீ ஒரு பத்து நிமிசம் போக்கிக்க மாட்டியா?"

பாலா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கரியின் டோக்கனோடு பின்வாசலில் நுழைந்தது பாலா. வரிசையில் நின்ற பெண்களிடம் சங்கரி காதோடு காதாக விஷயத்தைச் சொல்ல, அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்பக்கம் அமிர்தவல்லி கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

சித்தர் இழுத்தார். டப், டப், டப்.

"சங்கரி! பதினேழு கட்டி! கருப்பை இப்போது கண்ணாடி போல் இருக்கிறது!"

திரைக்குப் பின்னால் நின்ற சங்கரி திரையை உருவினாள்.

உள்ளே பாலா, தொப்பையைச் சுற்றி மஞ்சள் நூலோடு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். "சாமி, நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணாடியில கீறல் ஏதாவது கீதா?"

சித்தர் லேசுப்பட்டவரா? "கணவன் மனைவி ஓருயிர்! அவள் கட்டியை இவன் வழியாக எடுத்தேன்!" என்றார். பாதிக் கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஓர் அம்மாள், "அப்போ என் பொண்ணு வராட்டி இன்னா, மாப்ளைய அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

அமிர்தவல்லி மட்டும் எழுந்தாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக் கருப்பை உண்டு என்று சொன்னதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. நேராகப் போய்த் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "ரெண்டு மணி நேரம் ஊற வச்ச ஜவ்வரிசி!" என்றபடி சித்தர் உட்கார்ந்திருந்த மான்தோலை இழுத்தாள். அடியில் ஒரு கிண்ணம், நிறைய ஜவ்வரிசி.

வந்திருந்தவர்களில் செங்கல்வராயன் என்ற பந்தல்காரர் சித்தரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அட, நீ பாயசம் கிண்டுற வரதன் இல்ல? கல்யாண வூட்டுல அண்டாவோட ஓடினவன்தான நீ?"

வரதன் இந்தமுறை அண்டா இல்லாமல் ஓடினான். நடந்தால் கட்டி சிதறும் என்ற பயமே அவனுக்கு இல்லை.

அன்றைக்கே பரணிலிருந்து மாத்திரையை இறக்கியவள் அமிர்தவல்லிதான். காலாவதியாகியிருந்தது, பாலா போய்ப் புதிது வாங்கி வந்தான். காலையில் சங்கரி கொளவாய் ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பரோட்டா போய்க் கேழ்வரகும் கீரையும் சுண்டலும் வந்தன. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் கால் வலிதான் மிச்சம். நான்காம் மாதம் ஒருநாள் கடையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் பஞ்சு கேட்டாள். அமிர்தவல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விஷயம் பரவியது. ஏரிக்கரையில் இருபது பெண்கள் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி பயபக்தியோடு கேட்டாள்:

"யக்கா, வலமா சுத்தணுமா, எடமா சுத்தணுமா? எத்தினி வெள்ளிக்கிழமை?"

சங்கரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் வேணா நட, எந்தக் கிழமை வேணா நட. வரும்போது மூளையை மட்டும் வூட்ல கழட்டி வச்சிட்டு வராத."